போன மாசம் செத்த ராஜா

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஒரு நண்பன் வந்திருந்தான். ஹம்பி, பாதாமி, மாமல்லபுரம் என்று விடுமுறை கிடைத்தால் கிளம்பிவிடுகிற ஆள். ராஜகோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தான். ஆயிரங்கால் மண்டபத்தை ஒரு சுற்று சுற்றினான். அப்புறம் எதையோ தேட ஆரம்பித்தான். கேட்டதற்கு, "போர்டு எங்கடா?" என்றான்.

இந்தியத் தொல்லியல் துறையின் அந்த நீலப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த இடம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது, சேதப்படுத்தினால் தண்டனை என்று எழுதியிருக்கும். புல்வெளி, இரும்புக் கிராதி, அதற்குப் பக்கத்தில் இந்தப் பலகை. மாமல்லபுரத்தில் ஒரு மொட்டைப் பாறைக்குக்கூட உண்டு. இருபத்தைந்து ஏக்கர், ஒன்பது கோபுரம், ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கல்வெட்டு, இதற்கு இல்லையா என்பது அவன் கேள்வி.

"வந்துச்சு. திருப்பி அனுப்பிட்டோம்" என்றேன், ஒத்துவராத சம்பந்தத்தைச் சொல்வது மாதிரி. ஏன் என்று கேட்டான். அன்றைக்கு ராத்திரி கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டரும் பேசிக்கொண்டே நடந்தும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. விட்டுப்போனதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2002இல் நான் எட்டாம் வகுப்பு. அருணாசலேஸ்வரர் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னமாக எடுத்துக்கொள்ளப்போவதாக மத்தியத் தொல்லியல் துறை அறிவித்தது. 1958ஆம் வருஷச் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத எந்தப் பழங்கட்டடத்தையும் மத்திய அரசு அப்படி அறிவிக்கலாம். முதலில் இரண்டு மாத அவகாசம் கொடுத்து அறிவிப்பு வரும். ஆட்சேபம் இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆட்சேபத்தைக் காகிதத்தில் மட்டும் சொல்லவில்லை. தெருவுக்கு வந்து சொன்னது.

எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் வதந்திகள்தான். இனிமேல் உள்ளே கற்பூரம் ஏற்ற முடியாது. டிக்கெட் போடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். தீபத்தன்னிக்கு மலைமேல் யாரும் ஏறக் கூடாது. எங்கள் ஆயாவுக்கு இதில் எதுவுமே பெரிய கவலையாக இல்லை. அவளுடைய கேள்வி ஒன்றே ஒன்று: "சாமியையும் மியூசியத்துல வச்சிருவானுங்களா?"

சித்தப்பாவின் கவலை வேறு. தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே பூஜை சாமான் கடை, பின்கட்டில் நாங்கள். மேலே ஒரு மாடி எடுத்து, கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று சித்தப்பா செங்கல்கூட இறக்கிவிட்டிருந்தார். 1992இலேயே தொல்லியல் துறைக்கு ஒரு விதி வந்திருந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கோயில் மதிலிலிருந்து 100 மீட்டர் என்றால் எங்கள் ஊரில் என்ன மிஞ்சும்? வடக்கிலும் தெற்கிலும் ஒத்தவாடைத் தெரு என்றே பெயர். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் மதில், அதனால்தான் ஒத்த வாடை. மதிலைச் சுவராக நினைத்து வளர்ந்த ஊர் இது.

ஆக, எதிர்ப்பில் பக்தியும் இருந்தது, செங்கல்லும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஊர்வலத்தில் போன சித்தப்பாவிடம் இதைக் கேட்டிருந்தால் "ரெண்டும் ஒண்ணுதான்டா" என்றிருப்பார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004இல் மத்திய அரசு அந்த முடிவைக் கைவிட்டது. கோயில் அறநிலையத் துறையிடமே நின்றது. ஊர் ஜெயித்தது. சித்தப்பா மாடி எடுத்தார்.

அதே 2004இல் சீனாவின் சுஜோ நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தஞ்சைப் பெரிய கோயில் 1987இலேயே அதில் இருந்தது. மூன்றுக்கும் சேர்த்து யுனெஸ்கோ வைத்த பெயர் 'வாழும் பெருஞ்சோழர் கோயில்கள்'. நான் இதைக் கல்லூரியில் படித்தபோது கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருந்தது. தஞ்சையிலும் தொல்லியல் துறைதான். ஆனால் அங்கே பூஜை நிற்கவில்லை. பிரதோஷத்துக்கு நந்தியைச் சுற்றிக் கூட்டம் அம்முகிறது. உள்ளே போக டிக்கெட் கிடையாது. 2020 பிப்ரவரி 5ஆம் தேதி குடமுழுக்கே நடந்தது. மந்திரம் தமிழிலா சமஸ்கிருதத்திலா என்று நீதிமன்றம் வரை போகிற அளவுக்கு அந்தக் கோயில் உயிரோடுதான் இருந்தது. அப்படியானால் நாங்கள் பயந்ததெல்லாம் வீணா?

முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். பெரிய கோயிலின் எலும்புக்கூடு ஒரே ராஜாவின் காலத்தது. ராஜராஜன் நினைத்தான், 1010 வாக்கில் முடித்தான். அதற்குப் பிறகு வந்த சன்னதிகள் பலவும் தனித்தனியாக நிற்கின்றன. எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் வராது.

திருவண்ணாமலையில் அப்படி ஒரு வருஷத்தைக் காட்ட முடியாது. சம்பந்தரும் அப்பரும் பாடியது 7ஆம் நூற்றாண்டு. கருவறைப் பக்கம் சோழர் கல்வெட்டுகள். 13ஆம் நூற்றாண்டில் சோழனையே சிறைவைத்த காடவராயன் கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகள். அப்புறம் போசளர். அப்புறம் விஜயநகரம்: ஆயிரங்கால் மண்டபம், சிவகங்கைக் குளம், ராஜகோபுரத்தின் தொடக்கம் எல்லாம் கிருஷ்ணதேவராயர் கணக்கில். 217 அடி கோபுரத்தை முடித்தது தஞ்சை நாயக்கர் சேவப்பர். 18ஆம் நூற்றாண்டில் யார் யாரோ இந்த ஊருக்காக அடித்துக்கொண்டார்கள். 1767 செப்டம்பரில் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படைக்கும் ஹைதர் அலி, நிஜாம் படைகளுக்கும் இங்கே பெரிய சண்டை. உயரமான மதில் இருந்தால் ராணுவத்துக்கு அது கோட்டைதான், உள்ளே யார் குடியிருந்தால் என்ன.

எனக்கு இதில் பிடித்தது வடக்குக் கோபுரம். இதற்குப் பெயர் அம்மணி அம்மன் கோபுரம். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த ஒரு துறவிப் பெண், வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுத்த காசில் கட்டி முடித்தது. காசு தீர்ந்த அன்றைக்குக் கூலியாட்களுக்குத் திருநீற்றை அள்ளிக் கொடுத்தாள், வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால் அவரவர் கூலி இருந்தது என்று ஊரில் கதை. 171 அடி. அன்றைக்கே ஒரு நீலப் பலகை இருந்திருந்தால் அந்த அம்மாவைக் கட்ட விட்டிருப்பார்களா என்று யோசித்திருக்கிறேன். பாதி நின்ற மொட்டைக் கோபுரத்தைச் சுற்றிக் கிராதி போட்டு, அதுவே வரலாறு என்று எழுதி வைத்திருப்பார்கள்.

இந்த மாதிரிப் பேசிக்கொண்டே இருக்கலாம், ஊர்க்காரனுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதற்கு வல்லாள ராஜாவிடம் போக வேண்டும்.

சின்ன வயசில் மாசி மகத்துக்கு ஆயா என்னைப் பள்ளிகொண்டாப்பட்டுக்குக் கூட்டிப்போவாள். கௌதம நதி என்று பெயர். நான் பார்த்த வருஷங்களில் பெரும்பாலும் மணல். அண்ணாமலையார் அங்கே எழுந்தருள்வார். திருவிழா என்று நினைத்துப் பலூன் கேட்டு அழுதேன். ஆயா தொடையில் கிள்ளினாள். "சும்மா இருடா. சாமி திதி குடுக்க வந்திருக்குது."

"யாரு செத்துட்டாங்க?"

"வல்லாள ராஜா. சாமிக்கு அப்பன்."

"எப்போ?"

"போன மாசந்தான் சேதி வந்துச்சு."

அவள் பொய் சொல்லவில்லை. தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்குச் சாமி தென்பெண்ணைக் கரையில் மணலூர்பேட்டைக்குப் போவார். தீர்த்தவாரி முடிந்ததும், வல்லாள மகாராஜா போரில் இறந்துவிட்டார் என்று சாமியிடம் சேதி சொல்லப்படும். போகும்போது மேளதாளத்தோடு போனவர், வரும்போது வாத்தியம் இல்லாமல் வருவார். பிறகு மாசி மகத்தில் திதி. பிள்ளையில்லாத ராஜாவுக்குச் சாமியே குழந்தையாக வந்தார், மகன் கடமையைச் செய்வதாக வாக்குக் கொடுத்தார் என்பது தலபுராணம். வருஷா வருஷம் தை மாதம் அந்த ராஜா சாகிறார். மாசியில் சாமி திதி கொடுக்கிறார்.

பல வருஷம் கழித்துத்தான் இந்த வல்லாள ராஜா வரலாற்றிலும் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாம் வீர வல்லாளன், போசள அரசன். துவாரசமுத்திரம் டெல்லிப் படைகளிடம் அடிமேல் அடி வாங்கியபின் திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்துக்கொண்டு தெற்கில் மதுரைச் சுல்தான்களோடு மோதினான். 1342-43 வாக்கில் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டபோது சுல்தான் கியாசுதீனிடம் தோற்றுப் பிடிபட்டான். அப்போது அவனுக்கு எண்பது வயது என்று எழுதுகிறார் இப்னு பதூதா. மொராக்கோவிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய அந்தப் பயணி மதுரைக்கும் வந்தவர், கியாசுதீனுக்குச் சகலைகூட. பிடித்த ராஜாவிடமிருந்து செல்வம், யானை, குதிரை எல்லாவற்றையும் கறந்துகொண்டு, கொன்று, தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அது தொங்குவதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கொள்ளி வைக்க உடம்பு கிடைக்காத ராஜா. அவருக்குத்தான் எங்கள் ஊர்ச் சாமி வருஷா வருஷம் ஆற்றங்கரைக்குப் போய்க் காரியம் செய்கிறார். இந்தச் சடங்கு எந்த வருஷம் யாரால் தொடங்கியது என்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது, ஆகவே இது என் ஊகம் மட்டும்தான்: சேதி வந்த நாளில் இந்த ஊர் என்ன செய்திருக்கும்? உடல் வராது. செய்ய முடியாமல் போன காரியத்தைச் சாமியின் தலையில் வைத்துவிட்டது. ஆயாவுக்கு இப்னு பதூதாவைத் தெரியாது. ஆனால் போரில் போன ராஜா, முறைப்படி நடக்காத சாவு, தெற்கேயிருந்து வந்த சேதி, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்தத் துறையின் எந்தப் பலகையும் இதைக் காப்பாற்ற முடியாது. நடந்துகொண்டே இருந்தால்தான் இது இருக்கும்.

அதே சமயம், சடங்கு மட்டும் இருந்திருந்தால் வல்லாளன் ஒரு தலபுராண ராஜாவாகவே எனக்கு முடிந்துபோயிருப்பான். அவன் ரத்தமும் சதையுமான ஆள் என்று சொன்னவை புத்தகமும் கல்வெட்டும். கல்லில் இருப்பதைச் சடங்கு சொல்லாது. தீபத்துக்கு நெய் யார் கொடுத்தார், எந்த ஊர் நிலம், எந்த ஏரிப் பாசனம், யார் சாட்சி, அதெல்லாம் கல்லில்தான். சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடு என்று கணக்கு வரும். சாவா மூவாப் பேராடு என்பார்கள். சாகாத, கிழடாகாத ஆடு. ஆடு சாகும், ஆனால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும், எண்ணிக்கை குறையாது. மேய்க்கிறவன் நாளுக்கு இவ்வளவு நெய் அளக்க வேண்டும்.

இந்தக் கோயிலின் கல்வெட்டுகளை 1902இல் அரசுக் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தார்கள். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' எட்டாம் தொகுதியில் அந்த வாசகங்கள் இருக்கின்றன. பிறகு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்தக் கல்வெட்டுகளைத் தனியாகவே புத்தகமாகப் போட்டது.  எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்போது முப்பது வயது.

ஏன் படியெடுத்தது முக்கியம் என்று எனக்குப் புரிந்த இடம் வேறு. பக்கத்துத் தாலுகாவில் ஒரு சின்னச் சிவன் கோயில், பேர் வேண்டாம். சுவரில் மூன்று பத்தி நீளக் கல்வெட்டு இருந்தது. ஐந்தாறு வருஷம் கழித்துப் போனால் சுவர் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்காக மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போய்விட்டது, கூடவே எழுத்தின் விளிம்பும் போய்விட்டது. விரலால் தடவினால் ஏதோ பள்ளம் தெரிகிறது, படிக்க முடியவில்லை. அடியில் புதுக் கிரானைட் தரை போட்டதில் கடைசி இரண்டு வரி மண்ணுக்குள். அர்ச்சகர் சந்தோஷமாகக் காட்டினார்: "எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க தம்பி." ஊரே காசு போட்டுச் செய்த திருப்பணி. அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது? யாரும் கெட்டது நினைத்துச் செய்யவில்லை. அம்மணி அம்மாவும் ஊர்க்காசில்தானே கட்டினாள். ஆனால் அவள் சேர்த்தாள், இவர்கள் அழித்துவிட்டார்கள். வாழும் கோயில் என்று பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பளபளப்பான சுவர் ஞாபகம் வரும்.

கைவிடப்பட்ட ஒரு மூலையை ஒழுங்காக எடுத்துக் கட்டியதற்கும் இந்தக் கோயிலுக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருச்சுழிப் பையன் ஒருவன் இந்த ஊரில் வந்து இறங்கினான். முதலில் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தான். மற்ற பையன்கள் கல்லடிக்கவே, மண்டபத்துக்குக் கீழே பாதாள லிங்கக் குழிக்குள் போய் உட்கார்ந்தான். பூச்சி கடித்து உடம்பெல்லாம் புண். பின்னாளில் ரமண மகரிஷியான அவர் இருந்த அந்தக் குழி கவனிப்பாரில்லாமல் கிடந்து, செப்பனிடப்பட்டு, 1949இல் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி வந்து திறந்துவைத்தார். யாரோ ஒருத்தர் அக்கறைப்பட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

2004இல் நாங்கள் ஜெயித்த விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்ததை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்தது? சித்தப்பாவின் மாடி முடிந்தபோது அதன் மொட்டைமாடியிலிருந்து ராஜகோபுரம் அடிமுதல் நுனிவரை தெரியும், பின்னால் முழு மலையும். தீபத்தன்னிக்குச் சொந்தக்காரர்கள் இருபது பேர் அங்கே பாய் விரித்துக் காத்திருப்போம். மேலே தீபம் எரிந்ததும் ஆயா அழுவாள். 2012 வாக்கில் முன்னாலிருந்த ஓட்டு வீட்டை இடித்து ஒரு லாட்ஜ் வந்தது. அடுத்த வருஷமே அதற்கு இன்னொரு தளம். இப்போது எங்கள் மாடியிலிருந்து தெரிவது ரெண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும், அவற்றுக்கு நடுவில் கோபுரத்தின் மேல் மூன்று நிலையும். மலையைப் பார்க்கத் தெருவுக்கு வர வேண்டும்.

சித்தப்பா லாட்ஜ்காரரைத் திட்டாத நாள் இல்லை. ஒருநாள் நான் மெல்லக் கேட்டேன். "அன்னிக்கு அந்த நூறு மீட்டர் விதி வந்திருந்தா இந்த லாட்ஜ் வந்திருக்காதே சித்தப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம மாடியும் வந்திருக்காது" என்றார். அப்புறம் பில்லைக் கிழித்துக் கொடுக்கப் போய்விட்டார்.

2023இல் ராஜகோபுரத்துக்கு எதிரிலேயே கடைவளாகம் கட்டும் திட்டம் ஒன்று வந்தது. கோபுரத்தை மறைக்கும் என்று எதிர்ப்பு கிளம்பி, சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது எதிர்த்துப் பேசியவர்களில் சித்தப்பாவும் ஒருவர். 2002இல் கோயிலைத் தொடாதே என்று கத்திய அதே தொண்டை. இதை முரண்பாடு என்று என் நண்பன் சொல்வான். எனக்கு அப்படிப் படவில்லை. இருபது வருஷத்தில் ஒரு மனுஷன் தன் மாடியில் நின்று கற்றுக்கொண்டது அது. என்ன, கற்றுக்கொள்ளக் கோபுரத்தில் பாதியை இழக்க வேண்டியிருந்தது.

தொல்லியல் துறையே வந்திருக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. 2010இல் அந்த 100 மீட்டர் விதி இன்னும் இறுகிச் சட்டமாகவே ஆனது. வந்திருந்தால் எங்களைப் போலப் பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயிருக்கும். ஆனால் கல்லைத் தெரிந்த ஒரு ஆள், எந்தச் சுவரில் எது எழுதியிருக்கிறது என்று தெரிந்த ஒரே ஒரு ஆள், ஒவ்வொரு திருப்பணியின்போதும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அன்றைக்கு ஊர்வலம் போன யாரும் கேட்கவில்லை. நானும் இப்போதுதான் கேட்கிறேன்.

இந்தத் தை மாதம் ஊரில் இருந்தேன். ஆற்றுத் திருவிழா முடிந்து சாமி திரும்பும் நேரம், கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். லாட்ஜில் தங்கியிருந்த ஒரு பையனும் பெண்ணும் கையில் போனைப் பிடித்தபடி தெருவுக்கு வந்தார்கள். சாமி கடந்தது. மேளம் இல்லை, நாகஸ்வரம் இல்லை. கால் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் சித்தப்பாவிடம் திரும்பி, "ஏன் அங்கிள், மியூசிக்கே இல்ல?" என்றாள்.

சித்தப்பா எழுந்து நின்றிருந்தார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்திருந்தது.

"சாவு வூடும்மா" என்றார்.

அவள் போனை இறக்கினாள். "ஐயோ, சாரி அங்கிள். யாருக்கு?"

"ராஜாவுக்கு."